காட்சிசாலைக் குதிரைக்குக் கண் திறந்த கதை

எங்கள் ஊரில் பழைய காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலுக்கு வந்தால் போதும். ஏற்றம் இறைத்தார்கள், மாட்டைப் பூட்டி உழுதார்கள், ஆமணக்கெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் முள்ளை எடுத்துப் போட்டு மீன் தின்றார்கள். மின்சாரம் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். அப்படிப்பட்ட ஊரில் ‘முன்னோர் வாழ்க்கைக் காட்சிசாலை’ என்று ஒரு பலகையை நட்டு, பழைய காலம் எப்படி இருந்தது என்று காட்ட வந்தார் ஒரு மனிதர்.

அவர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்ததும் உத்தியோகம் போயிற்று. உத்தியோகம் பார்க்கிற பழக்கம் போகவில்லை. அதிகாரம் செய்ய ஆட்கள் இல்லாமல் ஓரிரு வருஷம் தவித்துவிட்டு, எங்கள் ஊரில் இருந்த தன் நிலத்துக்கு வந்து சேர்ந்தார். ஊரில் எல்லோரும் அவரை ஐயா என்போம். அவருக்குப் பிடித்த ஒரே சொல் ‘அசல்’. எதைச் செய்தாலும் அசலாக இருக்க வேண்டும். கோட்டு மட்டும் கழற்றமாட்டார், சித்திரை வெயிலிலும்.

அந்த நிலம் ஊர் எல்லைக்குள், எங்கள் கொல்லையை ஒட்டி இருந்தது. அதில் கொத்தனார்களை வைத்து மண்சுவரில் ஒரு கூரை வீடு கட்டினார். கட்டி முடித்ததும் அது புது வீடாகத் தெரிகிறதே என்று வருத்தப்பட்டார். உள்ளே வைக்கோலைக் கொளுத்திச் சுவரெல்லாம் புகை பிடிக்க விட்டார். வாசற்படி தேய்ந்திருக்க வேண்டுமென்று உளியால் செதுக்கச் சொன்னார். ஒழுகாத கூரைக்காக ஊரே ஏங்கிக்கொண்டிருக்க, நல்ல வீட்டை மெனக்கெட்டுப் பழசாக்கியவர் அவர் ஒருவர்தான்.

சித்திரையில் முதல் ஏர் பூட்டுவது, ஆடியில் விதைப்பது, தையில் புதுப்பானை வைப்பது என்று பருவத்துக்கு ஒரு விழா உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘கைப்பழக்க வகுப்பு’. புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பிளஷர் காரில் வருகிற பெரிய இடத்துப் பெண்கள் உலக்கை பிடித்து நெல் குத்திப் பார்க்கலாம், தயிர் கடைந்து பார்க்கலாம், தரைக்குச் சாணி மெழுகிப் பார்க்கலாம். சாணி மெழுகுவதற்கு மட்டும் கடைசிவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

நெல் குத்திக் காட்ட அமர்த்தப்பட்டவள் நான். எட்டாவது வரை படித்தவள், நாலு பேர் முன்னால் கூசாமல் பேசுவேன் என்று கேள்விப்பட்டு ஐயாவே வந்து என் அப்பாவிடம் கேட்டார். அப்பா மேலத்தெருவுக்குத் தலைவர். பெரிய மனிதர் வீடு தேடி வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும், கீழத்தெருவில் யாரையும் ஐயா இப்படிப் போய்க் கேட்கவில்லை என்பதை நன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சம்மதித்தார்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், பொன்னமராவதி ரோட்டில் எண்ணெய் எஞ்சின் வைத்த அரிசி மில் ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. எங்கள் வீட்டில் உலக்கையைத் தூக்கிப் பரணில் போட்டாயிற்று. காலையில் எங்கள் வீட்டு நெல்லை மில்லுக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டு, நான் காட்சிசாலைக்குப் போய் ஐயாவின் நெல்லை உலக்கையால் குத்துவேன். மில் வந்ததில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. உலக்கையின் அருமை பெருமையைப் பற்றி ஐயா பேசும்போதெல்லாம் என் உள்ளங்கைக் காய்ப்பை அவர் முகத்தில் தேய்க்க வேண்டும் போலிருக்கும்.

முதல் நாள் எனக்குக் கட்டிக்கொள்ள ஒரு கண்டாங்கிச் சேலை கொடுத்தார். கட்டிக்கொண்டு வந்து நின்றேன். ஐயா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“சேலை சரி. ரவிக்கைதான் இடிக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் ரவிக்கை போட்டதில்லை. எல்லாம் அசலாக இருக்க வேண்டாமா?”

நான் உலக்கையைச் சுவரில் சாத்தினேன். “அந்தக் காலத்து ஆம்பளைங்களும் கோட்டுப் போடலைங்களே ஐயா. மொதல்ல நீங்க அதைக் கழட்டுங்க. பெறகு நான் யோசிச்சுச் சொல்றேன்.”

மறுநாள் உரல் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை முளைத்திருந்தது. ‘ரவிக்கை பிற்காலச் சேர்க்கை’ என்று அதில் எழுதியிருந்தது.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை என் அத்தை மகன், விராலிமலைப் பக்கம். பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். லீவில் வந்திருந்தார். ஆவணிக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும், அதற்கப்புறம் அடுத்த லீவு மூன்று வருஷம் கழித்துத்தான். ஆனியில் கல்யாணத்தை முடித்துவிட்டால், பெண்டாட்டியை அழைத்துப் போவதற்கு வேண்டிய காகிதங்களைக் கப்பல் புறப்படுவதற்குள் வாங்கிவிடலாம், இரண்டு பேரும் ஒன்றாகப் போகலாம் என்பது ஏற்பாடு. ஆனியைத் தவறவிட்டால் ஆடியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆவணியில் தாலி கட்டினால் காகிதத்துக்கு அவகாசம் இருக்காது. அவர் மட்டும் போக வேண்டியதுதான்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை. கப்பலையும் பிடித்திருந்தது. உலக்கையே கண்ணில் படாத ஊர் ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்று அவர் சொன்னதை நெல் குத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இந்த நேரம் பார்த்து ஐயாவுக்குக் குதிரை ஆசை வந்தது.

அய்யனாருக்கு மண்ணில் குதிரை செய்து, மேளதாளத்தோடு தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் வைக்கிற புரவி எடுப்பு எங்கள் பக்கத்தில் பெரிய திருவிழா. எங்கள் ஊரில் மட்டும் அது நின்றுபோயிருந்தது. கோயில் பரிவட்டத்தைத் தலையில் கட்டிக்கொண்டு குதிரைக்கு முன்னால் நடக்கிற முதல் மரியாதை மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா என்று நான் சிறுமியாக இருந்தபோது மூண்ட தகராறு அது. போலீஸ் வந்தது, மண்டைகள் உடைந்தன, திருவிழா நின்றது. பழைய குதிரைகள் காலும் காதும் உடைந்து புல்லுக்குள் கிடந்தன. அய்யனார் யார் பக்கமும் பேசாமல் இருந்தார்.

மண்பாண்டம் செய்கிற வேளார்தான் அய்யனாருக்குப் பூசாரியும். எடுப்பு நின்றதில் அதிகம் நொந்துபோனவர் அவர். பானை செய்கிறவரை யாரும் மேளம் வைத்து அழைக்கமாட்டார்கள். குதிரை செய்கிறவரை அழைப்பார்கள். அவரை ஐயா ஒரு வைகாசிக் காலையில் கூப்பிட்டு விட்டார். நான் உரலடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஆனி மாத வகுப்புக்குப் புரவி செய்வதுதான் பாடம். இரண்டு குதிரை வேண்டும். எல்லாம் அசலாக இருக்க வேண்டும்” என்றார் ஐயா.

“அசலாவா?” என்றார் வேளார். அவர் கண்ணில் ஒரு மினுக்கம். “அப்ப பிடிமண் குடுக்கணுங்களே.”

ஊர் சார்பில் ஒருவர் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தால்தான் வேளார் குதிரைக்கு மண் பிசைவார். அதுதான் பிடிமண்.

“நானே கொடுக்கிறேன்” என்றார் ஐயா.

“கடைசியில காப்புக் கட்டணும். கண்ணுத் தொறக்கணும்.”

“செய்துவிடுவோம்.”

“காப்புக் கட்டிட்டா சில மொறமை இருக்குங்க.”

“இருக்கட்டும், இருக்கட்டும். ஒன்றும் குறையக் கூடாது.”

வேளார் அந்த முறைமைகள் என்னென்ன என்று சொல்லவில்லை. வாய் நிறைய வெற்றிலையைத் திணித்துக்கொண்டு, கோயில் மண்ணோடு ஐயா நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார். ஊர்க்காரர்களும் ஏதோ காட்சிசாலைக்காரர் விளையாட்டு என்று சிரித்தார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனி ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே வேளார் ஐயாவின் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு முடிந்த காப்பைக் கட்டிவிட்டார். கோட்டுக் கைக்குள் அது சரியாக அடங்கவில்லை. சூளையில் சுட்டு எடுத்த இரண்டு குதிரைகளும் ஆள் உயரத்துக்கு முற்றத்தில் நின்றன. சுற்றிலும் ஏழெட்டுச் சீமாட்டிகள், கையில் ஆளுக்கொரு தூரிகை. பட்டுச் சேலையில் காவி படாமல் காவி பூசுவது எப்படி என்பதுதான் அன்றைக்கு அவர்கள் உண்மையில் கற்றுக்கொண்டது. கூலிக்கு அழைத்துவந்த மேளக்காரர்கள் ஓர் ஓரத்தில் கொட்டாவி விட்டபடி தட்டிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க இரண்டு தெரு ஜனமும் வேலிக்கு வெளியே நின்றது.

வந்தவர்களில் முக்கியமானவர் திருச்சியில் ஒரு பெரிய அதிகாரியின் மனைவி. அந்த அம்மாள் குதிரையின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“எல்லாம் அழகா இருக்கு. ஆனா கண்ணை மறந்துட்டாங்களே?”

“கண்ணு கடைசியிலதாம்மா” என்றார் வேளார்.

“அம்மா கையாலேயே ஆகட்டும்!” என்று ஐயா கருப்புச் சாயக் கிண்ணத்தைத் தானே எடுத்து நீட்டினார்.

வேளார் ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அந்த அம்மாள் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு கண்ணையும் எழுதினார். கொஞ்சம் மாறுகண்ணாகத்தான் விழுந்தது. ஆனாலும் கண் கண்தான். அதுவரை தூங்கி வழிந்த மேளம் திடீரென்று வேறு அடியில் இறங்கியது. வேலிக்கு வெளியே யாரோ ஒரு பெண் குலவையிட்டாள். வேளார் தலைமுடி அவிழ, உடம்பு உதற, முற்றத்தின் நடுவில் வந்து நின்றார்.

“கண்ணைத் தொறந்துட்டீங்களேடா! எப்படா என்னை ஏத்திக் கூட்டிட்டுப் போவீங்க? எத்தனை வருசமாடா காத்துக் கெடக்கேன்?”

சீமாட்டிகள் கைதட்டினார்கள். “எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறார்!” என்றார் அந்த அம்மாள்.

“அசல் அம்மா, அசல்!” என்றார் ஐயா, முகமெல்லாம் பல்லாக.

எங்கள் ஊர் ஜனம் கைதட்டவில்லை. ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

கார்கள் போன பிறகு கோயில் வாசலில் கூட்டம் கூடியது. வேளார் குளித்து, ஈர வேட்டியோடு, ஒன்றும் அறியாதவர் போல வந்து நின்று முறைமைகளைச் சொன்னார்.

“காப்புக் கட்டியாச்சு, கண்ணும் தொறந்தாச்சு. குதிரை கோயிலுக்கு வந்து சேர்ற வரைக்கும் ஊருக்குள்ள ஒலக்கைச் சத்தம் கேக்கக் கூடாது. தாளிக்கக் கூடாது. எல்லை தாண்டிப் போனா பொழுது சாயறதுக்குள்ள திரும்பிரணும், வெளியூருல ராத்தங்கக் கூடாது. நல்ல காரியம் எதுவும் வைக்கக் கூடாது.”

“நல்ல காரியம்னா?” என்று யாரோ கேட்டார்கள்.

“கல்யாணந்தான்.”

எல்லோரும் என் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. “அதுக்கென்ன, வர்ற வெள்ளிக்கெழமையே எடுத்துருவோம். மொதல் மரியாதை மேலத்தெருவுக்கு” என்றார்.

“அதெப்படி?” என்றது கீழத்தெரு.

எனக்கு விவரம் தெரியாத வயதில் எந்த வார்த்தையில் நின்றதோ, அதே வார்த்தையிலிருந்து தகராறு மறுபடி கிளம்பியது. நடுவில் கடந்துபோன வருஷங்களில் யாரும் ஒரு வாதத்தைக்கூட மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். “ஏம்ப்பா, எனக்குக் கல்யாணம் ஆக வேணாமா?”

“ஆகட்டும் தாயி. யாரு வேணாம்னா? அவனுக விட்டுக் குடுக்கட்டும்.”

“நீங்க விட்டுக் குடுங்க.”

“ஒன் கல்யாணம் ஒரு நாளு. மரியாதை தலைமுறைக்கும் நிக்கும்.”

அன்றைக்கு நான் அப்பாவை வெறுத்தேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கீழத்தெருக்காரன் ஒருவன் கூட்டத்தில் சொன்ன ஏதோ ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்ற யோசனையில் இருந்தார்.

ஆனி பூராவும் ஊர் தாளிக்காத குழம்பைத் தின்றது. முதல் வாரம் பக்தியாகத் தின்றார்கள். அப்புறம் வாயில் வைக்க முடியாமல் தின்றார்கள். ஆண்களுக்குப் பொன்னமராவதியில் திடீர் திடீரென்று ஜோலி முளைத்தது; கிளப்புக் கடையில் தாளித்த சாம்பாரில் இட்லியை முக்கித் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸில் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பினார்கள். பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. முறைமையை விடக் கூடாது என்று கூட்டத்தில் உரக்கப் பேசியவர்கள்தான் அந்த பஸ்ஸில் முதலில் ஏறியவர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஒருநாள் ஐயா வீட்டுச் சமையற்காரர், அவர் வெளியூர், ரசத்துக்குக் கடுகு போட்டுவிட்டார். அவ்வளவுதான். வாசனை வேலியைத் தாண்டியது. மேலத்தெருவும் கீழத்தெருவும் முதல் தடவையாகச் சேர்ந்து ஒரே கூட்டமாக ஐயா வாசலில் நின்றன. ஐயா அந்த ரசத்தைத் தன் கையாலேயே கொண்டுவந்து வாய்க்காலில் கொட்டினார். கைப்பழக்க வகுப்புகளிலேயே அவர் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

அவருக்கு வேறு சங்கடமும் இருந்தது. சென்னையில் ஏதோ பொருட்காட்சியில் அந்த இரண்டு குதிரைகளையும் வைக்கப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். குதிரைகளின் வயிற்றில் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதியாயிற்று. “இவை காட்சிப் பொருள்கள். கோயிலுக்கெல்லாம் கொடுப்பதற்கில்லை” என்று கண்டிப்பாகச் சொன்னார். பொருட்காட்சிக்காரர்களைப் பார்த்துப் பேசுவதற்காகக் காரில் ஏறிப் புறப்பட்டார், காப்புக் கட்டின கையோடு. கார் சரியாக ஊர் எல்லையில், அய்யனார் குளத்துக்கு நேராக நின்றுவிட்டது. தள்ளினார்கள். நகரவில்லை. திருப்பி ஊரைப் பார்க்க நிறுத்தியதும் கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து ஐயாவுக்கு முகத்தில் களை இல்லை. டிரைவர் கீழத்தெருக்காரர் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை, எனக்கு வந்தது.

ஆனி முடிகிற சமயம் மாப்பிள்ளை வந்தார். கல்யாணத்துக்கு முன் நாங்கள் நின்று பேச ஊரில் வேறு இடம் கிடையாது. அதனால் பார்வையாளர் போலக் காட்சிசாலைக்குள் நுழைந்து, உரலுக்கு எதிரே ‘தொடாதீர்கள்’ என்ற பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குத்தக் கூடாத உலக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பேசினேன்.

“கல்யாணத்தை எங்க ஊருல வச்சுக்குவோமா? என்ன சொல்றே?” என்றார்.

“வெளியூருல ராத்தங்கக் கூடாதாம். தாலியைக் கட்டிக்கிட்டு சாயங்கால பஸ்ஸுல எங்கப்பா வீட்டுக்குத் திரும்பிரணும். சம்மதமா?”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “நல்ல காரியமே கூடாதுங்கும்போது மாமாவும் வரமாட்டாரு. மாமா இல்லாம எங்க ஆத்தா சம்மதிக்காது. ஆனி போயிருச்சு. ஆவணியில கட்டினா காகிதம் கெடைக்கிறது கஷ்டம். கப்பல் எனக்காக நிக்காதே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த ஒரு புதுக்கோட்டைக் குடும்பம், இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து மரியாதையாக நின்று பார்த்துவிட்டுப் போனது.

ஆடியும் பிறந்தது. ஆடி விழாவுக்கு வந்த கார்கள், உலக்கைக்கும் உரலுக்கும் தடை என்று கேட்டுத் திரும்பிப் போயின. இதற்கு மேல் பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று எனக்கு விளங்கியது. வேளார் வீட்டுக்குப் போனேன். சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து எதுவும் செய்யாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“வேளாரே, மொறமைப்படி மொதல் மரியாதை யாருக்கு?”

“பிடிமண் குடுத்தவங்களுக்கு.”

“பிடிமண் குடுத்தது யாரு?”

“ஐயா.”

“அப்ப அவருக்குத்தானே பரிவட்டம்?”

“மொறமைன்னு பாத்தா அப்படித்தான் ஆத்தா.”

“அதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?”

“எவனும் கேக்கலையே” என்றார் வேளார். அந்த வெற்றிலைச் சாற்றை அவர் மேலேயே ஊற்றலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அடக்கிக்கொண்டேன், எனக்கு அவர் தேவைப்பட்டார்.

அப்பாவிடம் போய், “மரியாதையை ஐயாவுக்குக் குடுத்துருங்க” என்றேன். அவர் முறைத்தார். “கீழத்தெருவுக்குக் கெடைக்காதுல்ல?” என்றேன்.

அப்பாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. என் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட நான் அந்த மலர்ச்சியைப் பார்க்கவில்லை. டிரைவரிடம் சொல்லி, மேலத்தெருவுக்குக் கிடைக்காது என்கிற நல்ல செய்தியைக் கீழத்தெருவுக்கும் அனுப்பிவைத்தேன். அவர்களும் அப்படியே மலர்ந்ததாகக் கேள்வி. ஊர் ஒற்றுமை என்று எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்களே, அது எங்கள் ஊரில் இப்படித்தான் ஏற்பட்டது.

மிச்சம் இருந்தவர் ஐயா. “குதிரையைக் கோயிலுக்குக் குடுத்துருங்க ஐயா. மொதல் மரியாதை ஒங்களுக்கு. பரிவட்டம் கட்டிக்கிட்டு முன்னால நடக்கப் போறது நீங்கதான்” என்றேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். சமஸ்தானம் போனதிலிருந்து அவருக்கு யாரும் மரியாதை என்ற சொல்லைச் சொன்னதில்லை. பொருட்காட்சியெல்லாம் அந்த நிமிஷமே மறந்துபோயிற்று.

“ஆனா கோட்டு, சட்டை கூடாது” என்றேன். “துண்டு இடுப்புல இருக்கணும். காலுல செருப்புக் கூடாது.”

“சட்டையுமா?”

“எல்லாம் அசலா இருக்க வேணாமா ஐயா?”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ரவிக்கை விஷயம் அவருக்கும் ஞாபகம் இருந்தது என்று நினைக்கிறேன். கை தானாகக் கோட்டுப் பொத்தானுக்குப் போயிற்று.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை குதிரை எடுத்தோம். இரண்டு தெரு ஆட்களும் முறை வைத்துத் தோள் மாற்றித் தூக்கினார்கள். முன்னால் ஐயா. வெயிலே படாத அந்த உடம்பு உரித்த பூண்டு மாதிரி இருந்தது. தலையில் பரிவட்டம், இடுப்பில் துண்டு, வெறுங்கால். வண்டிப் பாதை மணல் சுட்டுப் பொசுக்க, துள்ளித் துள்ளி நடந்தார். பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தோம். ஆனால் அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கால் சூடு என்றுதான் முதலில் நினைத்தேன், அது சந்தோஷம். எனக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது. பாதி வழிவரைக்கும் அந்த இரக்கம் இருந்தது. அப்புறம் கப்பல் ஞாபகம் வந்தது, இரக்கம் போய்விட்டது. வயிற்றில் எண்ணும் முகத்தில் மாறுகண்ணுமாக அந்தக் குதிரைகள் அய்யனார் பக்கத்தில் போய் நின்றன. அன்று சாயங்காலம் ஊர் முழுக்கக் கடுகு வெடித்தது.

அடுத்த முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம். காகிதத்துக்கு அலைந்தோம். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று போன இடத்திலெல்லாம் கேட்டார்கள். அவர்களிடம் குதிரைக் கதையை எப்படிச் சொல்வது? நாகப்பட்டினத்துக்கு நானும் போனேன். கப்பல் கரைக்கு வராமல் தூரத்தில் நின்றது. படகில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். “அடுத்த தடவை சேந்து போவோம்” என்று சொல்லிவிட்டு அவர் ஏறினார். படகு சின்னதாகி மறையும் வரை நின்றேன். அப்பா என் பக்கத்தில் நின்று, கீழத்தெருவில் எவனும் இவ்வளவு பெரிய கப்பலைப் பார்த்திருக்கமாட்டான் என்றார்.

திரும்பி வந்து எங்கே போவது? அதே கண்டாங்கி, அதே உலக்கை, அதே உரல். தை மாதம் புதுப்பானை விழாவுக்கு நிறையக் கார்கள் வந்தன. திருச்சி அம்மாளும் வந்திருந்தார். என் கழுத்தில் இருந்த தாலியைப் பார்த்துவிட்டு, கூரை வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“எல்லாம் இருக்கு. ஆனா இந்த வீட்டுல ஆம்பளையே காணோமே? குடும்பம்னா முழுசா இருந்தாத்தானே அசலா இருக்கும்?” என்று ஐயாவிடம் கேட்டார்.

ஐயா என் பக்கம் திரும்பவில்லை. கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு, “அக்காலத்தில் ஆடவர்கள் பொருள் தேடிக் கடல் கடந்து போவது வழக்கம்” என்றார்.

“ஐயோ பாவம், அந்தக் காலத்துப் பொம்பளைங்க!” என்று அந்த அம்மாள் உச்சுக்கொட்டினார்.

“ஆமாம்மா, பாவம்” என்று உலக்கையை நீட்டினேன். “பிடிங்க. நீங்களும் குத்திப் பாருங்க.”

வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு நாலு குத்துக் குத்தினார். போட்டோ எடுத்தார்கள். அதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. “அம்மாடி, இப்படி வலிக்குதே!” என்று கையை உதறினார்.

“வலிக்கும்மா” என்று உலக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். “மூணு வருசம் குத்தணும்.”